பிடிஎஃப்புக்குள் உடைந்து கிடக்கும் வடசென்னை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் பைத்தான் நிரல்மொழி தெரியும், சனி ஞாயிறில் நேரம் இருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தவும் செம்மைப்படுத்தவும் பலரும் கூடி வளர்க்கிற இலவசக் கருவிகளைச் செய்ய ஆசை. எதில் கை வைத்தால் உருப்படியாக இருக்கும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் 16 வருடம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடிய பிறகும் தெரிந்தவர்கள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப இன்னொரு கருவி தேவையில்லை. கியூபிடிஎஃப், பிடிஎஃப் அரேஞ்சர், ஸ்டெர்லிங் பிடிஎஃப் என்று நல்லவை ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. கவனிப்பு குறைவாக இருப்பது பிடிஎஃப்புக்குள் இருக்கும் தமிழுக்குத்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே தமிழாக இருப்பதில்லை. அங்கே தொடங்குங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொடுங்கையூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். 200 பக்கத்துக்கு மேல் இருந்த ஒரு தமிழ் அறிக்கையை யாரோ அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். "நம்ம ஏரியா பேரே இதுல இல்லப்பா, தேடிப் பார்த்துட்டேன்" என்றார். தேடல் பெட்டியில் அவர் அடித்தது சரியாகத்தான் இருந்தது: கொடுங்கையூர். விடை பூஜ்யம். நான் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். ஏழு இடத்தில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். வந்தது இப்படி: ெகாடுங்ைகயூர். கொம்பு முன்னால், எழுத்து பின்னால். தேடல் தோற்றதற்கு இதுதான் காரணம். அவரோ தன் ஊரை அறிக்கையில் விட்டுவிட்டார்கள் என்ற முடிவுக்கே வந்துவிட்டிருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது? பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனத்திலிருந்து வந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் கோப்புக்குள் இருப்பது எழுத்து அல்ல, எழுத்துருவில் உள்ள வடிவத்தின் எண்ணும், அதைப் பக்கத்தில் எங்கே வைப்பது என்ற அளவும்தான். அந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்வதற்கு டுயூனிகோட் என்றொரு அட்டவணை தனியாக உண்டு. அது தப்பாக இருந்தாலும், இல்லாமலே போனாலும் பக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் பல மென்பொருள்கள் அதில் அக்கறை காட்டுவதில்லை.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். தமிழில் முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் தரும் பொதுத்தரம் யூனிகோடு. அதில் 'கெ' என்பது முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு. பக்கத்தில் வரையும்போது முதலில் கொம்பு, அடுத்து க. பிடிஎஃப் இடமிருந்து வலமாக வரைந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்கிறது. வெளியே எடுக்கும்போதும் அதே வரிசையில் கொட்டுகிறது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களுக்குப் போவதும் இதே உடைந்த எழுத்துதான். மொழிபெயர்ப்புக் கருவிக்கும் அப்படியே.

ஆக, உங்கள் முதல் கருவி கொம்பைத் திருப்பி வைக்கும் கருவியாக இருக்கட்டும். எளிதாகத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது. 'வடசென்னை' உடைந்தால் 'வடெசன்ைன' என்று வரும். இதில் முதல் கொம்பு ட-வுக்குப் பின்னால் நிற்கிறது. கணினிக்கு அது 'டெ' என்ற சரியான எழுத்தாகவே தெரியும், அதைத் திருத்தத் தோன்றாது. கடைசியில் உள்ள ஐகாரக் குறிதான் காட்டிக்கொடுக்கிறது. புள்ளி வைத்த ன்-ஐ அடுத்து ஒரு உயிர்க்குறி வரவே முடியாது. அதேபோல் சொல்லின் முதலிலும் உயிர்க்குறி வராது. எனவே சொல் சொல்லாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கோப்பு முழுவதையும் பார்த்து, அதிலும் எழுத்துரு வாரியாகப் பிரித்துப் பார்த்து, இந்த மாதிரி முடியாத இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஓர் எழுத்துருவில் அவை நிறைய இருந்தால் அந்த எழுத்துருவில் உள்ள எல்லாக் கொம்பும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் எதையும் தொடக்கூடாது. ஒரே கோப்பில் தலைப்பு ஓர் எழுத்துருவிலும் உடல் இன்னொன்றிலும் இருந்து, ஒன்று சரியாகவும் மற்றது உடைந்தும் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருப்பிய பிறகு, கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகர, ஓகாரக் குறியாக ஒன்றாக்குங்கள். அப்புறம் வரும் தலைவலி ஔகாரம். சௌகார்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சௌ-வின் பின்பாதி பார்க்க ள மாதிரியே இருக்கும். உடைந்த வரியில் அது ள-வா, ஔகாரத்தின் பாதியா என்று வடிவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு, தட்டச்சு செய்கிறவர்களே 'செ' போட்டு 'ள' போடுகிறார்கள். இதற்குச் சொற்பட்டியல்தான் வழி. ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் அதிகமில்லை. கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று ஒரு மாலையில் உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடலாம். நிரல் தெரியாத நண்பர்களுக்குக் கொடுக்க நல்ல வேலை.

திருத்தியதை எங்கே எழுதுவது? முதல் பதிப்பில் வெறும் உரைக்கோப்பாக வெளியே கொடுத்தால் போதும். இரண்டாவது கட்டத்தில் பிடிஎஃப்புக்கு உள்ளேயே திருத்துங்கள். ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற குறிப்பைப் பிடிஎஃப் தரம் அனுமதிக்கிறது. இந்த வடிவங்கள் எப்படி வரைந்திருந்தாலும் சரி, இதன் உண்மையான உரை இதுதான் என்று அதில் எழுதி வைக்கலாம். அக்ரோபாட்டும், பாப்ளர் என்ற ஆயத்த நிரல் தொகுப்பும் அதைப் படித்துக்கொள்கின்றன. பக்கத்தின் தோற்றத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. பைக்பிடிஎஃப் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இதைச் செய்ய முடியும்.

இதற்கு அக்கா தங்கை மாதிரி இன்னொரு சிக்கல், பழைய எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டிடிபி கடைகளில் நாங்கள் பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொன்றில் அடித்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை, அதாவது எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறைகளை, பொதுத்தரமாக அறிவித்தார்கள். 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியேற்றத்தையும் தரமாக்கியது. அதற்குள் போட்டு முடித்த கோப்புகள் மலைபோலக் கிடந்தன. அதற்குப் பிறகும் பழக்கத்தை யாரும் உடனே விட்டுவிடவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஐந்தும் ஆங்கில விசைகள். எழுத்துரு மட்டும்தான் அதற்குத் தமிழ்ச் சட்டை போடுகிறது.

மாற்றும் அட்டவணைகளை நீங்கள் புதிதாக எழுத வேண்டாம், ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பில் இருக்கின்றன. இல்லாதது எந்தப் பக்கத்தின் எந்தத் துண்டுக்கு எந்த அட்டவணை என்று தானே முடிவுசெய்யும் கருவி. பிடிஎஃப்புக்குள் எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் இருக்கும். முன்னால் ஆறு எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருக்கும், அதை வெட்டினால் பெயர் கிடைக்கும். பெயரே இல்லாத கோப்புகளில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஊகிக்கலாம். வீட்டு எண், ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் வேறு எழுத்துருவில் இருக்கும். அவற்றையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டால் கோப்பு பாழ். அதனால்தான் துண்டு துண்டாகப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, அடுத்தது ஸ்கேன் கோப்புகள். இவற்றில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் டெசரக்ட் என்ற எழுத்துணரி எச்பி ஆய்வகத்தில் 1980களில் பிறந்தது. 2005இல் அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது, பிறகு கூகுள் அதை வளர்த்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பு நரம்பு வலையில் ஓடுகிறது, தமிழும் படிக்கிறது. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி அதைப் பயன்படுத்தி, ஸ்கேன் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உரை அடுக்கைப் பொருத்திக் கொடுக்கிறது. அதற்குச் செருகுநிரல், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல், எழுதவும் வசதி உண்டு. தனியாக ஒரு மென்பொருள் கட்டுவதை விட, இதற்கொரு தமிழ்ச் செருகுநிரல் எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தச் செருகுநிரல் செய்ய வேண்டியது, தமிழுக்கே உரிய பிழைகளைப் பிடிப்பது. ர-வும் துணைக்காலும் மாறுவது, எ-வும் ஏ-வும் மாறுவது, க-வைத் தமிழ் எண் 1 என்று எடுத்துக்கொள்வது, புள்ளி காணாமல் போவது. இதைவிடப் பெரிய வேலை பழைய எழுத்து. தமிழக அரசு 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் லை, னை, ளை, ணை நாலும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். றா, னா, ணா மூன்றும் கால் போடாமல் ஒரே சுழியாக இருக்கும். யூனிகோடில் பழையதும் புதியதும் ஒரே எழுத்துதான், ஆகவே உரை வெளியீட்டில் தொல்லை இல்லை. கருவிக்கு அந்த வடிவத்தைக் காட்டிப் பழக்கினால் போதும்.

பழக்குவதற்கு வேண்டியது ஒரு வரியின் படமும், அதே வரி சரியாகத் தட்டச்சு செய்த உரைக்கோப்பும். அப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகள். பலரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை இதுதான். ராயபுரத்திலும் தங்கசாலைத் தெருவிலும் அச்சகங்களில் ஈயத்தில் எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், கிழிந்த பக்கத்தில் பாதி தெரிகிற துதிக்கையைப் பார்த்தே 'இது னை, லை இல்ல' என்று சொல்வார். மேல் வளைவு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். அவருக்குக் கணினி தெரியாது. அவர் சொல்ல, பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து தட்டச்சு செய்தால் போதும். ஒரு வரிப் படம், கீழே ஒரு பெட்டி, 'சரி', 'சந்தேகம்' என்று இரண்டு பொத்தான்கள். இவ்வளவு எளிய திரை ஒன்றை நீங்கள் செய்து கொடுத்தால் படிப்பகங்களிலும் நூலகங்களிலும் வைத்து வேலை வாங்கலாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பிலேயே இலக்கியங்களை ஏற்றி வருகிறது. ஆள் கிடைப்பார்கள், திரையைச் செய்து கொடுக்க வேண்டியதுதான் உங்கள் பங்கு.

ஸ்கேன் படத்தைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த பத்திரங்களை ஃபேன் காற்றில் காயவைத்து எடுத்து வந்தார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அக்கா கிரயப் பத்திரத்தின் ஒவ்வொரு தாளையும் பழைய புடவைத் துண்டுக்கு நடுவில் வைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். தாள் பழுப்பேறி, மை ஊறி, முத்திரை வெளிறியிருந்தது. செல்போனில் எடுத்த படத்தைப் 'பளிச்' ஆக்கும் ஒரு செயலியில் போட்டோம். எழுத்து நன்றாக எடுத்தது. ஆனால் நீல முத்திரையும், சாட்சிக் கையெழுத்து ஒன்றும் காணாமல் போயின. கருவியின் கணக்கில் அவையும் கறைதான். ஆகவே நீங்கள் செய்யும் கருவி மூலப்படத்தை அழிக்கக்கூடாது. சுத்தம் செய்ததைத் தனிப் பக்கமாகவோ தனி அடுக்காகவோ பக்கத்தில் வைக்கட்டும். நிறமுள்ள பகுதியைக் கண்டுபிடித்து அதை மட்டும் தொடாமல் விடும் ஒரு வழி இருந்தால், பத்திரம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் உபகாரம்.

கோப்பைச் சுருக்குவதிலும் இதே கவனம் வேண்டும். 'அண்ணே, 200 கேபிக்குள்ள வேணும்' என்பது விண்ணப்பக் காலத்தில் கடையில் தினமும் கேட்ட குரல். அளவைச் சொன்னால் தெளிவைப் படிப்படியாகக் குறைத்து அந்த அளவுக்குள் கொண்டுவரும் சின்னக் கருவி ஒரு வாரத்தில் முடியும், செய்துவிடுங்கள். ஆனால் ஜேபிக்2 என்ற சுருக்க முறையின் இழப்புள்ள வகையைத் தொடாதீர்கள். ஒன்றுபோலத் தோன்றும் வடிவங்களை ஒரு முறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும் முறை அது. 2013 ஆகஸ்டில் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறையின் பரப்பளவு எண்களே மாறியிருப்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டினார். இன்னொரு கணக்குப் பட்டியலில் 6 இருந்த இடத்தில் 8. மங்கலாகத் தெரிந்தால் மனிதன் சந்தேகப்படுவான், தெளிவாகத் தப்பான எண் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சர்வே எண்ணில் அப்படி ஒன்று மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தமிழில் எ, ஏ, ஒ, ஓ எல்லாம் ஒரு சின்னக் கோட்டிலும் சுழியிலும்தான் வேறுபடுகின்றன.

மறைத்தல் கருவி ஒன்றும் அவசரமாக வேண்டும். ஆதார் எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்து அனுப்புகிறார்கள். பல செயலிகளில் அந்தப் பட்டை படத்துக்கு மேல் ஒட்டிய தாள் மாதிரிதான், அடியில் எண் அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட் வழக்கில் வக்கீல்கள் தாக்கல் செய்த ஆவணத்திலேயே இது நடந்தது. கறுப்பு அடித்த வரிகளைப் பத்திரிகையாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பிடிஎஃப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, பல மென்பொருள்கள் பழையதை வைத்துவிட்டு மாற்றத்தைக் கோப்பின் வாலில் சேர்க்கின்றன. பழைய உள்ளடக்கத்தைத் தோண்டி எடுத்துவிடலாம். அதனால் மறைக்க வேண்டிய பக்கத்தை முழுவதும் படமாக்கி, கோப்பைப் புதிதாக எழுதி, கடைசியில் தன் வேலையைத் தானே சோதித்து 'அடியில் ஒன்றும் இல்லை' என்று காட்ட வேண்டும். ஆதாரில் உள்ள கியூஆர் கட்டத்தையும் மறைக்கவா என்று கேளுங்கள், அதில் பெயரும் முகவரியும் இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்து உள்ள கோப்பு வந்தால், திருத்தினால் கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றுவிடும் என்று முன்கூட்டியே தமிழில் எச்சரிக்கை கொடுங்கள்.

இவை எல்லாமே ஆளின் கணினியிலேயே ஓட வேண்டும். நிரலை உலாவிக்குள் ஓட்டும் வெப்அசெம்பிளி என்ற நுட்பம் இருப்பதால் உலாவிக்குள்ளேயே இதைச் செய்ய முடிகிறது. கோப்பு எங்கும் ஏறாது. பத்திரத்தையும் ஆதாரையும் ஏதோ ஒரு நாட்டில் உள்ள சர்வருக்கு ஏற்றிவிட்டுத்தான் சுருக்க வேண்டும் என்ற நிலைமை நம் மக்களுக்கு இருக்கக்கூடாது.

நம்ம பகுதிக்கென்று ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் சொந்த ஆசை. எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளிப் பக்கம் பெரிய திட்டம் வந்தால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பும் தர வேண்டும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் போகும். எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் வலை பின்னுகிற ஒருவர், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று 30 நாளில் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால், கோப்பு முழுவதும் தேடி, பெயர் வாரியாகப் பக்க எண் போட்டு, முன்பக்கத்தில் சொடுக்கக்கூடிய பொருளடக்கமாக ஒட்டித் தரும் கருவி ஒன்று வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எழுத்து வேறுபாடுகளைச் சேர்க்க வேண்டும்: எண்ணூர், என்னூர், கொசஸ்தலை, கொற்றலை, குசஸ்தலை, ஆங்கிலத்தில் எழுதுகிற விதங்கள் வேறு. குப்பம், தோட்டம், நகர், கால்வாய் என்று உள்ளூர்க்காரர்கள்தான் இந்தப் பட்டியலை நிரப்ப முடியும். கொம்பு திருப்பும் கருவி முதலில் முடிந்தால்தான் இதுவும் ஓடும். அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

உரிமத்தைத் தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், மியூபிடிஎஃப் இரண்டும் ஏஜிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கின்றன. அவற்றை உள்ளே வைத்து வெளியிட்டால் உங்கள் நிரலும் அதே உரிமத்தில் திறந்திருக்க வேண்டும். நீங்கள் திறந்துதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் சிக்கல் இல்லை. கியூபிடிஎஃப்பும் டெசரக்ட்டும் அப்பாச்சி உரிமம், பைக்பிடிஎஃப் மொசில்லா உரிமம்.

சோதனைக் கோப்புகளில் யாருடைய உண்மையான பத்திரத்தையும் போட வேண்டாம், பெயரை அடித்துவிட்டும் போட வேண்டாம். கற்பனைப் பெயரும் கற்பனை எண்ணும் வைத்து, அதே மாதிரி உடைந்த கோப்புகளை நீங்களே தயாரியுங்கள். பாமினியில் பத்து, வானவில்லில் பத்து, கொம்பு உடைந்த யூனிகோடில் இருபது என்று நான் அடித்துத் தருகிறேன். பழைய கணினியில் அந்த எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் இன்னும் ஓடுகின்றன. வருகிற ஞாயிறு காலையில் ஒரு பென்டிரைவோடு ஒருவர் வந்தால் போதும்.